கோடியக்கரைக்குக் கூடாரத்தோடு போகிறவர்களுக்கு: பகல் காட்டில், இரவு தோப்பில்

கேள்வி சுருக்கமாக இது. கும்பகோணத்துக் குடும்பம்: கணவன், மனைவி, ஆறு வயதிலும் பதினொரு வயதிலும் இரண்டு பிள்ளைகள், எழுபதை நெருங்கும் மாமியார். வெளிநாட்டுத் தேசியப் பூங்காக்களில் ஆள் அரவமில்லாத இடத்தில் கூடாரம் அடித்துத் தங்குகிறார்களே, அதுபோல டெல்டாவுக்குள்ளேயே இரண்டு இரவு தங்க வழி உண்டா? கோடியக்கரை சரிப்படுமா? என்னென்ன கொண்டுபோக வேண்டும்?

கோடியக்கரை சரிப்படும். ஆனால் சரணாலயத்துக்குள் கூடாரம் அடிக்க முடியாது. தமிழ்நாட்டில் தேசியப் பூங்காக்கள் ஐந்து: கிண்டி, முதுமலை, ஆனைமலை, முக்குருத்தி, மன்னார் வளைகுடா. டெல்டாவில் ஒன்றும் இல்லை. இங்கே இருப்பது 1967இல் வெளிமானுக்காக அறிவிக்கப்பட்ட சரணாலயம். 2002இல் உலகின் முக்கியச் சதுப்புநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் நுழைவதே அனுமதியின் பேரில்தான். சுற்றிப் பார்க்கவும் படம் எடுக்கவும் அனுமதி கிடைக்கும். இரவில் சொந்தக் கூடாரம் போட்டுப் படுக்க அது செல்லாது. காட்டுக்கு ஆபத்து வரும்படி தீ மூட்டுவது தனிக் குற்றம். மாசி மாதத்தில் அங்கே புல் எப்படிக் காய்ந்து கிடக்கும் என்று பார்த்தால் அந்தச் சட்டத்தின் மேல் கோபம் வராது.

அதனால் இரண்டு வழிகள். ஒன்று, கோடியக்கரையில் வனத்துறையின் ஓய்வில்லமான பூநாரை இல்லத்தில் அறை எடுப்பது. நாகப்பட்டினம் வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். கூடாரம்தான் வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால் இரண்டாவது வழி: சரணாலய எல்லைக்கு வெளியே, உரிமையாளரிடம் கேட்டு, ஒரு தென்னந்தோப்பிலோ மாந்தோப்பிலோ தங்குவது, விடியற்காலையிலும் சாயங்காலத்திலும் காட்டுக்குப் போய் வருவது. என் பரிந்துரை இரண்டாவதுதான். மாமியாரின் முழங்கால் இடம் கொடுக்காது என்றால் அவருக்கும் துணைக்கு ஒருவருக்கும் மட்டும் அறை எடுத்துக்கொள்ளலாம்.

டெல்டாவில் வேறு எங்கே என்று யோசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முத்துப்பேட்டை அலையாத்திக் காடு படகில் போய்ப் பார்த்துத் திரும்பும் இடம்; தரையெல்லாம் சேறு. வடுவூரும் உதயமார்த்தாண்டபுரமும் பறவை பார்க்கும் ஏரிகள், பகலோடு சரி. அறுவடை முடிந்த வயல் வரப்பு பார்க்க அழகாக இருக்கும். எலி வளை நிறைந்த இடம், எலி இருந்தால் பாம்பும் இருக்கும். எல்லாவற்றையும்விட ஆபத்தானது காவிரி, கொள்ளிடம் ஆற்று மணல். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறப்பது ஜூன் 12, மூடுவது ஜனவரி 28. இடைப்பட்ட மாதங்களில் மேலே மழை கூடினால் உபரி நீரைப் பெரும்பாலும் முக்கொம்பிலிருந்து கொள்ளிடத்தில்தான் திருப்புவார்கள். மாலையில் கணுக்கால் அளவு ஓடிய தண்ணீர் விடிவதற்குள் இடுப்புக்கு ஏறிவிடும். ஆற்றுக்குள் கூடாரம் எந்த மாதத்திலும் வேண்டாம்.

கும்பகோணத்திலிருந்து நீடாமங்கலம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யம் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். அங்கிருந்து அகஸ்தியம்பள்ளி, கோடியக்காடு தாண்டி கோடியக்கரை இன்னும் பத்து, பதினொன்று. பிள்ளைகளோடு மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். தங்கும் இடத்துக்குப் பிற்பகல் இரண்டரைக்குள் போய்ச் சேர்வது மாதிரி கிளம்ப வேண்டும். இருட்டியபின் கூடாரம் அடிக்கிறவர்கள் இடத்தைப் பார்க்காமல் அடிக்கிறார்கள். இந்தப் பக்கத்தில் நடக்கும் தவறுகளில் பாதி அங்கேதான் தொடங்குகிறது.

மாதம் எது? ஐப்பசி, கார்த்திகை, மார்கழி முதல் பாதி வரை வடகிழக்குப் பருவமழை. நவம்பர் என்றால் புயல் மாதம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா கரையேறியது நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில்தான். சித்திரை பிறந்துவிட்டால் உள்ளே வெந்துபோவீர்கள். மிச்சம் இருப்பது தையும் மாசியும். பறவைகள் நிறைந்திருப்பதும் அப்போதுதான். அதிலும் சில நாட்களைத் தள்ளிவிடுங்கள்: காணும் பொங்கல், தை அமாவாசை. தை அமாவாசைக்கு வேதாரண்யம் சன்னதிக் கடலிலும் கோடியக்கரை ஆதிசேதுவிலும் நீராட வரும் கூட்டத்தில் அமைதி என்ற பேச்சுக்கே இடமில்லை.

முதல் முறை போகிறவர்கள் வளர்பிறை அஷ்டமியை ஒட்டிப் போவது நல்லது. பொழுது சாயும்போது நிலா உச்சியில் இருக்கும். சமைக்க, சாப்பிட, பிள்ளைகளைக் கழிப்பறைக்கு அழைத்துப்போக வெளிச்சம் தரும். நள்ளிரவை ஒட்டி மறைந்துவிடும். அதற்குப் பிறகு விழித்திருப்பவர்களுக்கு நட்சத்திரம். முழு இருட்டு நட்சத்திரப் பைத்தியங்களுக்குச் சரி, ஆறு வயதுப் பிள்ளைக்கு முதல் இரவிலேயே அது வேண்டாம். மாசி தொடக்கத்தில் இரவு எட்டரை மணியளவில் தெற்கே, அடிவானத்துக்கும் உச்சிக்கும் இடையில் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், தனியாகப் பளிச்சென்று ஒரு நட்சத்திரம் நிற்கும். அதுதான் அகத்திய நட்சத்திரம். அகஸ்தியம்பள்ளிக்குப் பக்கத்தில் நின்று அதைக் காட்டுவதில் ஒரு பொருத்தம் உண்டு.

இனி இடம். இதில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும்; விலையுயர்ந்த கூடாரம் தவறான இடத்தில் நின்றால் வெறும் ஈரத்துணி. டெல்டாவின் உட்பகுதி களிமண். ஒரு மணி நேர மழைக்கே காலை விடாது. வேதாரண்யத்தைச் சுற்றி அப்படி இல்லை. கருப்பம்புலம், ஆயக்காரன்புலம், கத்தரிப்புலம் போன்ற ஊர்கள் பழைய கடற்கரை மணல் மேடுகளின் மேல் இருக்கின்றன. தண்ணீர் உடனே கீழே இறங்கிவிடும். கூடாரத்துக்கு இந்த மணல் மேட்டுத் தோப்புகள்தான் தோது. கோடியக்காட்டுப் பக்கம் தோப்பு கிடைத்தால் காட்டுக்குப் பக்கம். ஆனால் எல்லைக்குள் வருகிறதா வெளியே வருகிறதா என்று வனத்துறைச் சோதனைச் சாவடியிலேயே கேட்டுவிடுங்கள். உரிமையாளர் “அதெல்லாம் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க” என்றால் அதை அனுமதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தென்னந்தோப்பில் முதல் விதி மேலே பார்ப்பது. வழக்கமான நடவு இடைவெளி 25 அடி. நான்கு மரத்துக்கு நட்டநடுவில் நின்றாலும் ஒவ்வொரு மரத்திலிருந்தும் உங்கள் தூரம் 17, 18 அடிதான். மட்டை ஒவ்வொன்றும் 15 முதல் 18 அடி நீளம். ஆக, நடுவில் போட்டுவிட்டோம் என்பது பாதுகாப்பு ஆகாது. காற்றடிக்கும் நாளில் காயும் நேர்க்கோட்டில் விழாது. கஜாவில் சாய்ந்த மரங்களின் இடம் இன்னும் வெற்றாகக் கிடக்கும், அல்லது இளங்கன்றுகள் நிற்கும் தோப்புகள் இந்தப் பக்கம் உண்டு. அந்த இடைவெளிதான் உங்களுக்கு வேண்டும். அது கிடைக்காவிட்டால் தோப்புக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி: “காய் வெட்டி எத்தனை நாள் ஆச்சு?” வெட்டி ஒரு வாரத்துக்குள் என்றால் முற்றிய காய்கள் மரத்தில் இருக்காது, காய்ந்த மட்டைகளையும் அநேகமாகத் தள்ளியிருப்பார்கள். ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால் மாந்தோப்பைத் தேடுங்கள்.

இரண்டாவது, கீழே. மரத்தைச் சுற்றிய பாத்தியிலும் வாய்க்காலிலும் கூடாரம் விழக்கூடாது. இரவில் மோட்டார் போடுவாரா என்று கேளுங்கள். நள்ளிரவில் தண்ணீர் பாய்ச்சுவதும் இங்கே உண்டு. கறையான் புற்று, எலி வளை, கட்டையடுக்கு, காய்ந்த மட்டைக் குவியல் ஆகியவற்றிலிருந்து 30 அடியாவது தள்ளி இருங்கள்.

மூன்றாவது, சுற்றிலும். சாமான் இறக்குவதற்கு முன்பே பெரியவர் ஒருவர் நூறு தப்படி வட்டத்தில் நடந்து பார்க்க வேண்டும். மல்லிகை, புகையிலைக்குத் தண்ணீர் மொள்ள மணலில் தோண்டிய குட்டைகள் இந்த ஊர்களில் நிறைய. கைப்பிடிச் சுவர் கிடையாது, கரை மணல், கால் வைத்தால் சரியும். பிள்ளைகளுக்குப் பாம்பைவிடப் பெரிய ஆபத்து இந்தக் குட்டைகள்தான். எதுவரை போகலாம் என்று பகல் வெளிச்சத்திலேயே மரங்களில் துணி கட்டி எல்லை காட்டிவிடுங்கள். கழுத்தில் ஆளுக்கொரு விசில், மூன்று முறை ஊதினால் உதவி வேண்டும் என்று பொருள். பக்கத்துக் கொல்லையில் காட்டுப்பன்றிக்கு மின்வேலி போட்டிருக்கிறார்களா என்பதையும் வாய்விட்டுக் கேளுங்கள். சட்டவிரோதம் என்பதால் தானாக யாரும் சொல்ல மாட்டார்கள்.

கூடாரம் பற்றி. “நான்கு பேர் கூடாரம்” என்று விற்பது நான்கு பேரை அடுக்கிவைக்கும் அளவு. ஆளுக்கு இரண்டடி அகலம்தான் வரும். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகளுக்கு அது சரி, பைகளுக்கு இடமிருக்காது. மேலுறை தனியாக வரும் இரட்டை அடுக்குக் கூடாரமே வேண்டும். தை மாதத்துக் கடலோரப் பனி ஒற்றை அடுக்குக் கூடாரத்தின் உட்புறம் மூச்சுக்காற்றை நீராகக் குளிர்வித்து விடியற்காலையில் மூஞ்சியில் சொட்டவைக்கும். குளிராக இருக்கிறதே என்று எல்லா ஜன்னலையும் மூடுவது இன்னும் மோசம். எதிரெதிர் வலைகள் இரண்டு திறந்தே இருக்கட்டும். இரவில் 20 டிகிரிக்குக் கீழே போவது அரிது. ஒரு போர்வை போதும், தூக்கப்பை தேவையில்லை.

மணலில் முளைக்குச்சி நிற்காது. கூடாரத்தோடு வரும் மெல்லிய கம்பிகளை அழுத்தினால் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும், முதல் காற்றிலேயே அதே சுலபத்தில் வெளியே வரும். செய்ய வேண்டியது இது. தோப்பில் கிடக்கும் காய்ந்த தென்னை மட்டையின் அடித்தண்டை ஒன்றரை அடி நீளத்துக்கு வெட்டுங்கள். அதன் நடுவில் இழுகயிற்றைக் கட்டுங்கள். கூடாரத்தின் மூலையிலிருந்து நான்கடி தள்ளி ஒரு அடிக்குக் குறையாத ஆழத்தில் குழி பறித்து, கயிறு வரும் திசைக்குக் குறுக்காகத் தண்டைப் படுக்கவையுங்கள். கயிறு மேலேறுவதற்குச் சரிவாக ஒரு காடி வெட்டிவிடுங்கள். மணலைக் கொட்டி, ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, காலால் மிதித்து இறுக்குங்கள். அரை மணி நேரம் கழித்து இழுத்துப் பாருங்கள், அசையாது. மட்டை கிடைக்காவிட்டால் உரச்சாக்கில் பாதி மணல் நிரப்பி வாயைக் கட்டிப் புதைத்தாலும் அதே பலன். மூலைக்கு ஒன்றாக நான்கு கட்டாயம். வடகிழக்குப் பக்கம் கூடுதலாக இரண்டு. தையில் வாடை அந்தப் பக்கத்திலிருந்துதான் அடிக்கும். அதனால் கூடாரத்தின் தாழ்ந்த, குறுகிய பக்கம் வடகிழக்கைப் பார்க்கட்டும், வாசல் தென்மேற்கே.

இழுகயிறுகளில் வெள்ளைத் துணி கட்டிவிடுங்கள். இருட்டில் தடுக்கி விழுவது பிள்ளைகள் மட்டுமல்ல, மேயும் மாடுகளும்தான். கீழே விரிக்கும் தார்ப்பாய் கூடாரத் தரையைவிடச் சுற்றிலும் இரண்டு விரற்கடை சிறியதாக இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மேலுறையில் வழியும் நீரைப் பிடித்துக் கூடாரத்துக்கு அடியிலேயே கொண்டுபோய் விடும். மழையில் தரை நனைந்ததாகப் புகார் சொல்பவர்களில் பலருக்குக் காரணம் கிழிந்த தரை அல்ல, நீட்டிய தார்ப்பாய். கோரைப்பாயை உள்ளே விரித்து மேலே நுரைமெத்தை போட்டால் மணலின் ஈரம் ஏறாது.

போவதற்கு முந்தின வாரமே மொட்டை மாடியில் ஒருமுறை கூடாரத்தை நிறுத்திப் பாருங்கள். மூலைகளுக்குச் செங்கல் வைத்துக்கொள்ளலாம். கண்ணாடி இழைக் கம்பி என்றால் இணைப்புக் குழாய்க்குப் பக்கத்தில்தான் பிளக்கும். ஒரு சாண் மூங்கில் சிம்பும் துணி நாடாவும் பையில் இருந்தால் அதைக் கட்டுப்போட்டு இரண்டு நாள் ஓட்டிவிடலாம்.

மாமியாருக்குக் கூடாரம் வேண்டாம். குனிந்து நுழைவதும் தரையிலிருந்து எழுவதும்தான் அந்த வயதில் சிரமம். தோப்புக்காரரிடம் கயிற்றுக் கட்டில் ஒன்று கேளுங்கள், பெரும்பாலும் கிடைக்கும். மோட்டார் கொட்டகைத் தாழ்வாரத்தில், அல்லது கூடாரத்தை ஒட்டி இழுத்துக் கட்டிய தார்ப்பாய்க்கு அடியில் கட்டிலைப் போட்டு, கொசுவலையைக் கட்டி, அதன் ஓரத்தைப் படுக்கைக்கு அடியில் நன்றாகச் செருகிவிடுங்கள். வலையை வெறுமனே தொங்கவிட்டால் கொசுவுக்கும் பயனில்லை, பாம்புக்கும் பயனில்லை. இரவு எழுந்தால் பிடித்துக்கொள்ள ஒரு ஊன்றுகோல், கைக்கு எட்டும் இடத்தில் டார்ச்.

தண்ணீரைக் கஞ்சத்தனமில்லாமல் கொண்டுபோங்கள். கடலோர நிலத்தடி நீர் இடத்துக்கு இடம் மாறும்; ஒரு தோப்பில் இனிக்கும், அடுத்த தோப்பில் கரிக்கும். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர். ஐந்து பேர், இரண்டு முழு நாள் என்றால் 40 லிட்டர். கையிருப்பாக இன்னும் 20. ஆக 20 லிட்டர் கேன் மூன்று. கழுவவும் குளிக்கவும் தோப்பு ஆழ்துளைத் தண்ணீர் போதும்.

கழிப்பறை விஷயத்தில் வெட்கப்படாமல் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். மலைக்காட்டில் ஒரு சாண் குழி தோண்டி மூடுவார்கள். இங்கே மழைக்காலம் முடிந்த கையோடு நிலத்தடி நீர் மேலேயே நிற்கும், எல்லாப் பக்கமும் குட்டையும் வாய்க்காலும். அந்த வழக்கம் இங்கே செல்லாது. தோப்பு வீட்டிலோ கொட்டகையிலோ கழிப்பறை இருக்கும் இடத்தையே தேர்ந்தெடுங்கள். இரவுக்கு மட்டும் மூடியுள்ள வாளி ஒன்று, அடியில் நான்கு விரல் உயரம் மரத்தூளோ தென்னைநார்த் தூளோ போட்டு, சுற்றிப் பழைய புடவை மறைப்பு. காலையில் கழிப்பறையில் கொட்டிக் கழுவிவிடலாம். முதியவருக்கும் சிறு பிள்ளைக்கும் இருட்டில் நடக்கும் தூரம் குறைந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

சாப்பாட்டை எளிமையாக வையுங்கள். முதல் நாள் முழுவதும் கட்டுச்சோறு: புளியோதரையும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும். தயிர்சாதம் மாலைக்குள் புளித்துவிடும்; சோற்றைக் குழைத்துப் பால் நிறைய ஊற்றி, ஒரே ஒரு கரண்டி தயிர் சேர்த்து எடுத்துப்போனால் சாப்பிடும் நேரத்துக்குப் பதமாக உறைந்திருக்கும். இரண்டாம் நாள் காலை ரவை உப்புமா, இரவு வெண்பொங்கல்: ஒரு டம்ளர் அரிசிக்கு அரை டம்ளர் பாசிப்பருப்பு, ஐந்து டம்ளர் தண்ணீர், மூன்று லிட்டர் குக்கர். மிளகு, சீரகம், முந்திரியை வீட்டிலேயே நெய்யில் தாளித்துச் சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டால் அங்கே எண்ணெய்ச் சட்டியே தேவையில்லை. மதியத்துக்கு வேதாரண்யத்தில் சாப்பிட்டுக்கொள்ளுங்கள்; இரண்டு நாளும் மூன்று வேளையும் சமைத்தால் அம்மாவுக்கு அது விடுமுறை அல்ல.

அடுப்பு எரிவாயுதான், விறகு வேண்டாம். தோப்பில் காய்ந்த பன்னாடையும் மட்டையும் பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். 230 கிராம் கையடக்கக் குப்பி முழுத் தீயில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் வரும். காற்றில் தீ சாய்ந்தால் அதில் பாதி வீண், ஆகவே மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். காற்றுத் தடுப்பை மூன்று பக்கம் மட்டும் வையுங்கள். நான்கு பக்கமும் மூடினால் வெப்பம் குப்பிக்குத் திரும்பி அது வெடிக்கக்கூடும். மழை வந்தாலும் கூடாரத்துக்குள் அடுப்பைக் கொண்டுபோகக் கூடாது. தீயைவிட மோசம் மணமில்லாத கார்பன் மோனாக்சைடு. கொசுவத்திச் சுருளும் உள்ளே வேண்டாம். மிச்சச் சோறு, மீன் கழிவு, பழத்தோல் எல்லாவற்றையும் மூடிய டப்பாவில் போட்டுக் காருக்குள் பூட்டுங்கள். இரவில் நரியும் காட்டுப்பன்றியும் தெருநாயும், விடிந்தால் குரங்கும் அதைத் தேடி வரும். கோடியக்கரை மீன் இறங்குதளத்தில் மீன் வாங்கிச் சமைக்கும் ஆசை நியாயமானது; பகலில் சமைத்து, வெளிச்சம் போவதற்குள் பாத்திரம் கழுவிவிடுங்கள்.

பொழுது சாயும் அரை மணி நேரம் முன்னும் ஒரு மணி நேரம் பின்னும் கொசுவின் நேரம். காற்று ஓயும்போது பாருங்கள், மொய்த்துவிடும். அந்த நேரத்துக்கு எல்லோருக்கும் முழுக்கைச் சட்டை, முழுக்கால் சட்டை. கூடார வலையின் ஜிப் ஒரு நொடிகூடத் திறந்திருக்கக் கூடாது. மாடும் மானும் மேயும் புல்வெளியில் உண்ணி இருக்கும். காலுறைக்குள் கால்சட்டையைச் செருகிக்கொண்டு நடங்கள். திரும்பியதும் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், காதுக்குப் பின்புறம் பாருங்கள். ஊருக்குத் திரும்பி ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும், உடம்பில் எங்காவது கருகிய பொருக்கு போன்ற புண்ணும் தென்பட்டால், புதர்க்காட்டில் நடந்ததை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ஸ்கிரப் டைபஸ் என்ற அந்தக் காய்ச்சலுக்கு நல்ல மருந்து உண்டு. சொல்லாவிட்டால் கண்டுபிடிக்கத் தாமதமாகும்.

பாம்பு பற்றிச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவை பெரும்பாலும் மிதித்தால்தான் கடிக்கும். செருப்பும் டார்ச்சும் அதற்குப் போதும். கட்டுவிரியன் வேறு ரகம். இரவில் நடமாடும், தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும், கடி பெரும்பாலும் வலிக்காது. விடியற்காலையில் காரணமில்லாத வயிற்றுவலி, கண்ணிமை சொருகுதல், விழுங்க முடியாமை என்று தொடங்கும். ஜிப் போட்ட கூடாரத்தின் பெரிய பயனே இதுதான். வெளியே பாயைப் போட்டுப் படுப்பது நட்சத்திரத்துக்கு நல்லது, கட்டுவிரியனுக்கும் நல்லது. செருப்புகளைக் கூடாரத்துக்கு உள்ளே வையுங்கள். கடித்துவிட்டால், அல்லது சந்தேகம் வந்தாலே, கயிறு கட்டாமல், கீறாமல், வாயால் உறிஞ்சாமல், கடித்த இடத்தை அசைக்காமல் வேதாரண்யம் அரசு மருத்துவமனைக்கு. 108ஐ அழைக்கலாம், சொந்தக் கார் தயாராக இருந்தால் பெரும்பாலும் அதுவே வேகம். அதனால் இரவில் காரைச் சாலையைப் பார்த்து நிறுத்துங்கள், சாவி எங்கே என்று இரண்டு பேருக்குத் தெரிந்திருக்கட்டும்.

காட்டுக்குப் போகும் நேரம் காலை ஆறரை முதல் எட்டரை. மாலை நான்குக்குப் பிறகு. வெளிமான் திறந்த புல்வெளியில்தான் மேயும்: முறுக்கிய கொம்போடு கருத்த முதுகு கிடா, கொம்பில்லாத பழுப்பு நிறம் பெட்டை. வண்டியை விட்டு இறங்கி நெருங்கினால் ஓடிவிடும். வண்டிக்குள்ளேயே அமைதியாக உட்கார்ந்தால் அதுவாகவே பக்கம் வரும். ஊரை விட்டுக் காட்டில் பெருகிவிட்ட குதிரைகள், புள்ளிமான், நரி, குல்லாய்க் குரங்கு ஆகியவற்றையும் காணலாம். பூநாரை உங்கள் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது அல்ல, சதுப்பில் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உப்பு என்பதைப் பொறுத்தது. எங்கே இறங்கியிருக்கிறது என்று வனக்காவலரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். கைபேசியில் அது இளஞ்சிவப்புக் கோடாகத்தான் தெரியும். 8 மடங்கு இருகண்ணோக்கி ஒன்று இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். உப்பளத்துக்கும் சதுப்புக்கும் பக்கத்தில் பாதையை விட்டுக் காரை இறக்கவே கூடாது. மேலே வெள்ளையாக உப்புப் பூத்து உலர்ந்த தரை மாதிரி இருக்கும், கீழே சேறு. அச்சு வரை இறங்கினால் டிராக்டர் வராமல் எழும்பாது. அகஸ்தியம்பள்ளியில் 1930 ஏப்ரல் 30 அன்று ராஜாஜி உப்பெடுத்த இடம் வழியிலேயே இருக்கிறது. பதினொரு வயதுக்கு அது பாடப்புத்தகத்தில் வரும் பெயர், நிறுத்திக் காட்டுங்கள்.

கடலில் பிள்ளைகளை முழங்காலுக்கு மேல் விடாதீர்கள். வங்கக் கடலும் பாக் நீரிணையும் சேரும் முனை அது. நீரோட்டம் கரையிலிருந்து பார்த்தால் தெரியாது. கலங்கிய நீரில் திருக்கை படுத்திருக்கும், காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தால் விலகிப்போகும். இரவில் கடற்கரைக்குப் போக வேண்டாம். ஜனவரியிலிருந்து பங்குனி ஆமை எனப்படும் கடலாமைகள் முட்டையிட ஏறும் கரை அது, வெள்ளை வெளிச்சம் அவற்றைத் திருப்பி அனுப்பிவிடும். இலங்கை பக்கம் என்பதால் கடலோரக் காவலும் கெடுபிடி. டார்ச் அடித்துக்கொண்டு நிற்பவர்களை விசாரிப்பார்கள், அது அவர்கள் வேலை.

கிளம்பும் முன் மூன்று நாளும் வானிலை அறிக்கை பாருங்கள். நாகப்பட்டினம் துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினாலே பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்; அது தூரத்துப் புயல் சின்னத்துக்கான குறி என்று சமாதானம் சொல்லிக்கொண்டு போக வேண்டாம். தங்கியிருக்கும்போது காற்று திடீரென்று ஏறினால், மட்டைகள் விழத் தொடங்கினால், கூடாரத்தை அவிழ்க்க நேரம் செலவழிக்காதீர்கள். ஆட்களை மட்டும் காரில் ஏற்றி வேதாரண்யத்துக்கு. கூடாரம் நிற்கிறதா என்று காலையில் வந்து பார்க்கலாம்.

திரும்பி வந்த அன்றே கூடாரத்தை நல்ல தண்ணீரில் அலசுங்கள். உப்புக் காற்றுப் பட்ட ஜிப் பத்தே நாளில் இறுகும். அலசியபின் மெழுகுவத்தியை ஜிப்பின் பல்லில் இரண்டு முறை தேய்த்து இழுத்துவிடுங்கள். நிழலில் கொடி கட்டி இரண்டு நாள் காயவைத்து, தையல் மடிப்புகள் உலர்ந்தனவா என்று கையால் தொட்டுப் பார்த்த பிறகே உறையில் போடுங்கள்.